சைதூன் டீச்சர் காலியாக விட்ட கட்டம்

சைதூன் டீச்சர் கரட்டுப்பட்டிக்கு வந்த முதல் வாரத்திலேயே பிள்ளைகள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இந்த டீச்சர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு விடை டீச்சருக்கே தெரியாது.

"நெசமாவே தெரியாதா டீச்சர்?" என்று ஒச்சம்மாள் கேட்டாள். மல்லிகை மொட்டு ஏன் சாயங்காலம் பார்த்து விரிகிறது என்பது அன்றைய கேள்வி.

"தெரியாது. தெரிஞ்சா உன்கிட்ட எதுக்குக் கேக்குறேன்?"

ஒச்சம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் வீட்டில் பூந்தோட்டம் உண்டு. விடியுமுன் மொட்டுப் பறித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்கு வருவாள். "எங்க அய்யாவுக்கும் தெரியாது டீச்சர். ஆனா அதுக்குள்ள பறிச்சுப்புடணும்னு தெரியும்" என்றாள்.

ரெட்டியார்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, வாய்க்கால் ஓரமாக ஒன்றரை மைல் நடந்தால் கரட்டுப்பட்டி. பள்ளிக்கூடம் என்பது ஓடு போட்ட ஒரு நீளக் கூடம். நடுவில் ஒரு கரும்பலகையை நிறுத்தி இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒரு பக்கம் தலைமையாசிரியர் மலைச்சாமி நான்காம், ஐந்தாம் வகுப்புகளை நடத்துவார். மறுபக்கம் முதல் மூன்று வகுப்புகளும் சைதூனுக்கு. இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் கேட்கும். மலைச்சாமியிடம் எல்லாக் கேள்விக்கும் விடை தயாராக இருக்கும். பிள்ளை சொல்லும் விடை அதோடு பொருந்தாவிட்டால் உள்ளங்கையை நீட்ட வேண்டியதுதான். அவர் கெட்டவர் இல்லை. இருபத்தெட்டு வருடமாக அப்படியே நடத்திப் பழகியவர்.

சைதூன் திண்டுக்கல்காரர். அவருடைய அப்பா நூர் முகமது, வீட்டு வழக்கில் அத்தா, ஒரு தோல் ஷாப்பில் மேஸ்திரி. தோல் பதனிடும் இடத்தைத் திண்டுக்கல்லில் ஷாப்பு என்றுதான் சொல்வார்கள். சிறு வயதில் அத்தாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது சுண்ணாம்புத் தொட்டி ஓரமாக நின்று, "தோல்ல இருக்குற மயிரைச் சுண்ணாம்பு தின்னுடுது, சரி. அப்புறம் தோலை ஏன் தின்னாம விடுது?" என்று கேட்பார். "சோத்துத் தூக்கை வச்சுட்டு வீட்டுக்குப் போ" என்பதுதான் எப்போதும் கிடைக்கும் பதில். எட்டாவது முடித்து, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, 1960 ஜூன் மாதம் வேலை கிடைத்தபோது வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. அவர்கள் தெருவில் பஸ் ஏறி வேலைக்குப் போன பெண் அதுவரை இல்லை. கடைசியில் நூர் முகமது முடிவாகச் சொன்னார்.

"ரெண்டு வருசம் போ. கவர்மெண்டுல வேலையை உறுதி பண்ணிட்டாங்கன்னா நானே தெனமும் கொண்டாந்து பஸ் ஏத்தி விடுறேன். இல்லேன்னா வீட்டோட இருந்துக்க. அதுக்கப்புறம் பேச்சு இல்லை."

புதிதாகச் சேரும் ஆசிரியர்களின் வேலை இரண்டு வருடம் கழித்துத்தான் உறுதியாகும். அதற்கு டிபுடி இன்ஸ்பெக்டர் நல்லபடியாக அறிக்கை எழுத வேண்டும்.

அந்த டிபுடி இன்ஸ்பெக்டரின் பெயர் ஆரோக்கியதாஸ். ஒல்லியான மனிதர். வெயிலோ மழையோ கறுப்புக் கோட்டைக் கழற்ற மாட்டார். எந்தப் பள்ளிக்குப் போனாலும் முதலில் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து மேசைமேல் வைப்பார். அடுத்துப் பாடக்குறிப்பு நோட்டைக் கேட்பார். ஒரு காலத்தில் ஆசிரியர்கள் வெறுங்கையோடு வகுப்புக்குப் போய் வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் வந்தபிறகு அந்த வட்டாரம் முழுவதும் பாடக்குறிப்பு நோட்டில் நான்கு கட்டம் போட வைத்தார். பாடப்பொருள், ஆசிரியர் கேட்கும் கேள்வி, எதிர்பார்க்கும் விடை, கரும்பலகைக் குறிப்பு. மூன்றாவது கட்டம் அவருடைய சொந்த ஏற்பாடு. அதில் அவருக்குப் பெருமை உண்டு.

1961 நவம்பர் மாதம் கரட்டுப்பட்டிக்கு வந்தவர் சைதூனின் நோட்டைத் திறந்தார். முதல் பக்கத்தில் மூன்றாவது கட்டம் பாதிதான் நிரம்பியிருந்தது. அடுத்த பக்கத்தில் அதைவிடக் குறைவு. மூன்றாம் பக்கத்தில் கேள்விகள் வரிசையாக இருந்தன. விடைக் கட்டம் வெள்ளையாகக் கிடந்தது.

"எழுத மறந்துட்டீங்களா?"

"இல்லைங்க ஐயா."

"பின்னே?"

"பிள்ளைங்க என்ன சொல்லும்னு முன்கூட்டியே எனக்குத் தெரியலைங்க. சில கேள்விக்குச் சரியான விடை என்னன்னும் தெரியலை. தெரியாததை எப்படி எழுதுறதுன்னு விட்டுட்டேன்."

கரும்பலகைக்கு அந்தப் பக்கம் மலைச்சாமி பெருக்கல் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டார்.

ஆரோக்கியதாஸ் சத்தம் போடவில்லை. சிவப்பு மையால் அந்தக் காலிக் கட்டங்களைச் சுற்றி ஒரு கோடு போட்டார். "விடை தெரியாம வகுப்புக்குள்ள போறதுக்கு டீச்சர் எதுக்கும்மா? பிள்ளைங்களே போதுமே" என்றார். பிறகு நாட்குறிப்பைப் புரட்டினார். "பொங்கல் முடிஞ்சு வர்ற முதல் சனிக்கிழமை ஆசிரியர் மையக் கூட்டம் உங்க பள்ளியிலதான். மாதிரிப் பாடம் நீங்க நடத்துறீங்க. நாலு கட்டமும் நிரம்பியிருக்கணும். அதைப் பாத்துட்டுத்தான் உங்க அறிக்கையை எழுதுவேன்."

மையக் கூட்டம் என்றால் சுற்றுவட்டாரத்துப் பதினொரு பள்ளிகளின் ஆசிரியர்களும் மாதம் ஒருமுறை ஓரிடத்தில் கூடுவது. வகுப்பைப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்படி நடத்துவது எப்படி என்று ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ளத்தான் அந்த ஏற்பாடு. ஒருவர் பிள்ளைகளை வைத்து மாதிரிப் பாடம் நடத்துவார். மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுப்பார்கள். பாடம் முடியும்வரை பார்வையாளர் யாரும் வாய் திறக்கக்கூடாது. முடிந்ததும் விமர்சனம். அதன்பிறகு சாப்பாடு.

"நீ ஒண்ணும் பயப்படாத தாயி" என்றார் மலைச்சாமி. "மாதிரிப் பாடம்னா என்ன? கல்யாணச் சமையல் மாதிரி. முதல் நாளே எல்லாத்தையும் அரிஞ்சு வச்சுக்கணும். நான் இருக்கேன்."

அவரே தலைப்பைத் தேர்ந்தெடுத்தார்: தென்னையின் பயன்கள். அவரே நான்கு கட்டத்தையும் அழகான கையெழுத்தில் நிரப்பினார். பொங்கலுக்கு முன் பத்து நாள், பொங்கலுக்குப் பின் மூன்று நாள் பிள்ளைகளுக்கு ஒத்திகை நடத்தினார். ஒத்திகை பார்ப்பது எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான். யாரும் அதை வெளியே சொல்வதில்லை. யாருக்கும் அது தெரியாமலும் இல்லை. சைதூனுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அத்தாவின் முகம் நினைவுக்கு வரும். பேசாமல் இருந்துவிட்டார்.

கூட்டத்தன்று இருபத்தாறு ஆசிரியர்கள் வந்தார்கள். கரும்பலகையைச் சுவரோரம் தள்ளிக் கூடத்தை ஒன்றாக்கியிருந்தார்கள். பள்ளிக்குப் பின்னால் மதிய உணவு சமைக்கும் கருப்பம்மாள் அன்று ஆசிரியர்களுக்கும் சேர்த்து உலை வைத்திருந்தார். மையத்தின் செயலாளர் பொன்னுத்துரை முன்வரிசையில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தார். அந்த வட்டாரத்தில் அதிகமான மாதிரிப் பாடம் நடத்தியவர் அவர்தான். ஆரோக்கியதாஸ் கடிகாரத்தை மேசைமேல் வைத்தார். மணி பத்தரை.

"தென்னையிலிருந்து நமக்கு என்னென்ன கிடைக்கின்றன?"

"தென்னையிலிருந்து நமக்குத் தேங்காய், இளநீர், கீற்று, கயிறு ஆகியவை கிடைக்கின்றன டீச்சர்!"

அத்தனை பிள்ளைகளும் புத்தகத் தமிழில், ஒரே குரலில் சொன்னார்கள். மலைச்சாமி கடைசி வரிசையில் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்.

"தென்னை செழித்து வளர என்ன வேண்டும்?"

"தென்னை செழித்து வளரத் தண்ணீர் வேண்டும் டீச்சர்!"

ஆரோக்கியதாஸ் தம் கையிலிருந்த பிரதியில் ஒவ்வொரு கட்டமாகச் சரிக்குறி போட்டுக்கொண்டே வந்தார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் ஒச்சம்மாள் கையைத் தூக்கினாள். ஒத்திகையில் அந்த இடத்தில் யாரும் கை தூக்குவது இல்லை.

"டீச்சர், வெள்ளன எந்திரிச்சு மொண்டா கெணத்துத் தண்ணி சுடுதுல்ல? அதைத் தென்னைக்குப் பாய்ச்சுனா அதுக்கு வலிக்காதா?"

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. மலைச்சாமி கண்ணை மூடிக்கொண்டார். ஆரோக்கியதாஸ் பேனாவை நிறுத்தித் தம் தாளைப் பார்த்தார். அதில் எந்தக் கட்டத்திலும் அது இல்லை.

சைதூன் என்ன செய்ய வேண்டும் என்பது சைதூனுக்கே தெரியும். "அதை அப்புறம் பார்ப்போம், உட்கார்." அவ்வளவுதான். இன்னும் ஐந்து கேள்வி இருக்கிறது. இருபது நிமிடத்தில் பாடம் முடியும். அறிக்கை எழுதப்படும். ஆனால் மார்கழி விடியலில் வீட்டுக் கிணற்றில் வாளியை இறக்கி இழுத்தால் தண்ணீர் ஆவி பறக்க வருவதும், அதே தண்ணீர் மத்தியானம் சில்லென்று இருப்பதும் அவரும் வருடக்கணக்காகப் பார்த்ததுதான். ஏன் என்று அவருக்கும் தெரிய வேண்டியிருந்தது.

"காலையில எல்லார் வீட்டுக் கெணத்துலயும் சுடுதா?" என்று கேட்டார்.

எல்லாக் கைகளும் மேலே போயின.

"மத்தியானம்?"

"சில்லுனு இருக்கும் டீச்சர்!" இப்போது புத்தகத் தமிழ் போய்விட்டது.

"ஏன் அப்படி?"

"சூரியன் ராத்திரி பூமிக்கு அடியில போகுதுல்ல? அப்பக் கெணத்துப் பக்கமாப் போகும்" என்றான் ஒரு பையன். இன்னொருத்தி, கிணற்றில் இருக்கும் தவளைகள் எல்லாம் இராத்திரி மூச்சு விடுவதால் என்றாள். பின்வரிசைச் சிரிப்பு பெரிதாகியது. பொன்னுத்துரையால் அடக்க முடியவில்லை.

"பகல்ல பூமி வாங்கி வச்ச சூட்டை ராத்திரியில தண்ணிக்குக் குடுக்குது. சின்ன விஷயம்" என்று சத்தமாகவே சொன்னார்.

"அப்படின்னா பொழுது சாயுறப்பல்ல அதிகமாச் சுடணும்?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"அது மெதுவா இறங்கும்யா."

"எம்புட்டு மெதுவா?"

ஆரோக்கியதாஸ் பேனாவால் மேசையைத் தட்டினார். "பார்வையாளர்கள் பேசக்கூடாது."

"மன்னிக்கணும் ஐயா" என்றார் சைதூன். "அவங்க பேசட்டும். எனக்கும் இதுக்கு விடை தெரியாது."

இருபத்தாறு ஆசிரியர்கள் முன்னால், மாதிரிப் பாடத்தின் நடுவில், ஒரு டீச்சர் இப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"தெரியாதா?" என்றார் ஆரோக்கியதாஸ்.

"தெரியாதுங்க ஐயா."

"சரி. இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"தண்ணியக் கொண்டாந்து பாக்கப் போறேன்."

ஜன்னல் வழியாகக் கூப்பிட்டதும் கருப்பம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய், பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் ஒரு வாளி இறைத்துக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் வைத்தார். விரலை விட்டுப் பார்த்தார்.

"சில்லுனுதானே டீச்சரம்மா இருக்கு? எங்கிட்டுச் சுடுது?"

ஒச்சம்மாள் ஓடிவந்து கையை விட்டாள். "சுடுதே!"

"அடியே, பச்சத் தண்ணி உனக்குச் சுடுதா? வாயைத் தொறந்தா பொய்யி."

"நீங்கதான் அக்கா பொய் சொல்றீங்க. வேணும்னா சாமி மேல சத்தியம் பண்ணுங்க."

"இம்புட்டு வாத்தியாருங்க முன்னாடி எனக்கு எதுக்குடி பொய்யி?"

எல்லாரும் சிரித்தார்கள். சைதூன் சிரிக்கவில்லை. ஒரே வாளி. ஒரே நேரம். ஒருவருக்குச் சுடுகிறது, ஒருவருக்குச் சில்லிடுகிறது. தாமும் கையை விட்டுப் பார்த்தார். சுடவும் இல்லை, சில்லிடவும் இல்லை.

"அக்கா, இப்ப நீங்க என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?"

"என்ன செய்வேன்? வெந்நியில கையை விட்டுக் கொட்டைப் புளியைக் கரைச்சுக்கிட்டு இருந்தேன்."

"நீ என்ன செஞ்ச ஒச்சம்மா?"

"சிலேட்டைத் தொடைக்கப் பானைத் தண்ணியில துணியை நனைச்சுப் பிழிஞ்சேன் டீச்சர்."

அந்த மண்பானை கூடத்தின் மூலையில்தான் இருந்தது. இராத்திரி முழுவதும் குளிர்ந்த தண்ணீர். சைதூன் அதையும் கிணற்று வாளியையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்த்த பிள்ளைகளுக்கு இனி ஏதோ நடக்கப் போகிறது என்று தெரிந்துவிட்டது. ஒவ்வொருவராக எழுந்து சுற்றி நின்றார்கள்.

கருப்பம்மாள் ஒரு சட்டியில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் கொண்டுவந்தார். இன்னொரு சட்டியில் பானைத் தண்ணீர். நடுவில் கிணற்று வாளி. இடது கை வெந்நீரில், வலது கை பானைத் தண்ணீரில். ஐம்பது எண்ணும்வரை எடுக்கக்கூடாது. பிறகு இரண்டு கையையும் ஒரே நேரத்தில் வாளியில் விட வேண்டும். முதலில் ஒச்சம்மாள்.

"டீச்சர்! இந்தக் கை சில்லுங்குது, இந்தக் கை சுடுங்குது!"

அதன்பிறகு வரிசையைக் கட்டுப்படுத்த முடியவில்லை. பிள்ளைகள் முடிந்ததும் ஆசிரியர்கள் வந்தார்கள். பொன்னுத்துரை முழங்கைவரை சட்டையை மடித்துக்கொண்டு, இதில் என்ன இருக்கிறது என்பதுபோல் உட்கார்ந்தார். வாளியில் கையை விட்டவர் செத்த நேரம் எழுந்திருக்கவே இல்லை. "ரெண்டும் என் கைதானேய்யா!" என்றார்.

கடைசியில் ஆரோக்கியதாஸ் எழுந்தார். கோட்டைக் கழற்றினார். அவர் கோட்டில்லாமல் நின்று அங்கே யாரும் பார்த்ததில்லை. பிள்ளைகள் அவருக்காக உரக்க எண்ணினார்கள். நாற்பதில் அவர் கையை எடுக்கப் பார்த்தார்.

"இன்னும் பத்து இருக்கு சார்" என்றாள் ஒச்சம்மாள். அவர் கையைத் திரும்ப வைத்துக்கொண்டார்.

வாளியிலிருந்து கையை எடுத்துத் துடைத்தபின் அவர் தம் தாளையும் பேனாவையும் எடுத்தார். "ஆக, கிணத்துத் தண்ணி எப்பவும் ஒரே மாதிரிதான் இருக்கு. நம்ம உடம்புதான் காலையில குளிர்ந்து போய், தண்ணி சுடுற மாதிரி நினைக்குது. இதுதான் விடை. எழுதிக்கலாமா?"

அவர் அந்தக் கட்டத்தைத் தாமே நிரப்பித் தர முன்வந்தார். மலைச்சாமி பின்னாலிருந்து ஆமாம் என்று சொல்லும்படி தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். சைதூனும் அதைப் பார்த்தார்.

"அது இன்னும் தெரியாதுங்க ஐயா" என்றார். "கையை நம்ப முடியாதுன்னு மட்டுந்தான் இப்பத் தெரிஞ்சிருக்கு. தண்ணி மாறுதா இல்லையான்னு தெரிய, சூடு பாக்குற கருவி வேணும். காலையிலயும் மத்தியானமும் பாக்கணும்."

மலைச்சாமி தலையில் கையை வைத்துக்கொண்டார்.

விமர்சனம் நடந்தது. பொன்னுத்துரை ஒவ்வொன்றாகப் படித்தார். நாற்பது நிமிடப் பாடம் எழுபத்தைந்து நிமிடம் எடுத்தது. தென்னை பாதியில் நின்றது. பாடக்குறிப்பைப் பின்பற்றவில்லை. பார்வையாளர்கள் பேசினார்கள். வகுப்பறை ஈரமாகியது. எல்லாம் உண்மை. சைதூன் எதையும் மறுக்கவில்லை. படித்து முடித்த பொன்னுத்துரை, "இது எதுவும் கெட்டதுன்னு நான் சொல்லலை. நடந்ததைச் சொல்றேன்" என்று சேர்த்துக்கொண்டார்.

புறப்படும்போது ஆரோக்கியதாஸ் கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னார். "இன்னைக்கு நான் அறிக்கை எழுதலை. ஒரு மாசம் கழிச்சு வருவேன். அந்தக் கட்டம் நிரம்பியிருக்கணும். இல்லேன்னா நான் எழுத வேண்டியதை எழுதிட்டுப் போவேன். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

மலைச்சாமி கோபத்தில் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் ரெட்டியார்சத்திரம் போய், ஆஸ்பத்திரி கம்பவுண்டர் அப்பாஸிடம் காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாயை இரவல் வாங்கி வந்துவிட்டார். "உன் வேலை போச்சுன்னா அஞ்சு வகுப்பையும் நானில்ல கட்டி மேய்க்கணும்?" என்றார்.

வாளியில் வைத்து எடுத்துப் பார்த்தார்கள். நூற்றொன்று. மத்தியானமும் பார்த்தார்கள். நூற்றொன்று. மறுநாள் காலையிலும் நூற்றொன்று.

"மாறவே இல்லை! முடிஞ்சுச்சு, எழுது" என்றார் மலைச்சாமி.

"கெணத்துக்குக் காய்ச்சலா சார்?" என்றாள் ஒச்சம்மாள்.

சைதூனுக்கு அந்தக் கேள்விதான் உறுத்தியது. குழாயை மண்பானைக்குள் விட்டுப் பார்த்தார். நூற்றொன்று. தண்ணீரே இல்லாமல் மேசைமேல் வைத்துப் பார்த்தார். நூற்றொன்று. அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது அப்பாஸிடம் போய்க் கேட்டார். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அது நேத்து முந்தாநாளு எங்கிட்ட வந்த ஒரு நோயாளியோட காய்ச்சல் டீச்சர்! உதறுனாத்தான் அது கீழ எறங்கும். உதறுனாலும் பிரயோசனம் இல்லை. இதுல கோடே தொண்ணூத்தஞ்சுலதான் ஆரம்பிக்குது. மனுசனுக்குச் செஞ்சது, கெணத்துக்கு இல்லை."

இரவு சாப்பாட்டின்போது அதை வீட்டில் சொன்னார். நூர் முகமதுவுக்குச் சிரிப்பு வரவில்லை. கூட்டத்தில் நடந்ததை அவர் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார். அதில் ஒன்று அவருக்கு உறைத்துவிட்டிருந்தது.

"கையை நம்ப முடியாதுன்னு சொன்னியாமே?"

"ஆமா அத்தா."

"முப்பது வருசமா இந்தக் கையை விட்டுத்தான் சாயத் தொட்டிச் சூடு சொல்றேன். ஷாப்புல சூடு பாக்குற கண்ணாடிக் குச்சி ஒண்ணு ஆணியில தொங்குது. அதை எவன் பாக்குறான்? நான் சொல்றதுதான் கணக்கு."

"உங்க கையைச் சொல்லலை அத்தா. பொதுவா..."

"எல்லாக் கையும் கைதான். நாளைக்கு அந்தக் குச்சியைக் கேட்டு வாங்கியாறேன். வச்சுப் பாரு. காலையில கெணத்துத் தண்ணி சுடத்தான் செய்யும். குச்சியே சொல்லும். அப்பப் பேசு."

மகளைத் தோற்கடிக்கத்தான் அவர் அந்தக் கருவியை வாங்கி வந்தார். ஒரு முழ நீளக் கண்ணாடி. முப்பதிலிருந்து கோடு ஆரம்பித்தது. துணியில் சுற்றி, தகரக் குழாயில் போட்டு, உடைத்தால் முதலாளி தோலை உரித்துவிடுவார் என்று சொல்லிக் கொடுத்தார்.

பள்ளியில் முறை வைத்துக்கொண்டார்கள். காலை ஆறரைக்கு மலைச்சாமி, ஒச்சம்மாளையும் அந்தத் தெருப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போவார். மத்தியானம் ஒரு மணிக்கு சைதூன். ஒவ்வொரு முறையும் முதலில் வெளிக் காற்றின் சூடு, பிறகு வாளித் தண்ணீரின் சூடு. தண்ணீருக்குள் இருக்கும்போதே படிக்க வேண்டும். ஒரு பிள்ளை படிக்கும், இன்னொன்று சரிபார்க்கும், மூன்றாவது எழுதும். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் மறுபடியும். இதற்குள் நோன்பு மாதம் பிறந்துவிட்டது. பட்டினி வயிற்றோடு உச்சி வெயிலில் சைதூன் வாளி இழுப்பதைப் பார்த்த கருப்பம்மாள் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டார். "நீங்க எண்ணை மட்டும் சொல்லுங்க தாயி. தண்ணி நான் இழுக்குறேன்."

காற்று காலையில் அறுபத்தாறு, அறுபத்தெட்டு என்று இருந்தது. மத்தியானம் எண்பத்தாறு, எண்பத்தெட்டு. தண்ணீர் மட்டும் காலையில் எண்பத்தொன்று, மத்தியானம் எண்பத்தொன்று. சில நாள் எண்பத்திரண்டு. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. ஒரு வாரம் போனபிறகு பிள்ளைகள் கருவியை விடுமுன்னே எண்ணைச் சொல்ல ஆரம்பித்தார்கள். மலைச்சாமி, "பாக்காமச் சொல்றவன் பல்லைத் தட்டுவேன்" என்றார். சைதூனுக்கு அதைக் கேட்க வியப்பாக இருந்தது. இருபத்தெட்டு வருடமாகப் பார்க்காமல் சொல்ல வைத்தவர் அவர்தானே.

பிப்ரவரிக் கடைசியில் ஒருநாள் காலை ஆறே காலுக்கு ஆரோக்கியதாஸ் சைக்கிளில் வந்து கிணற்றடியில் நின்றார். யாரும் எதிர்பார்க்கவில்லை. காலைக் கணக்கை எடுக்கும்போது பக்கத்திலேயே நின்று பார்த்தார். பிறகு பள்ளிக்கூடத்தில் சைதூன் வந்து சேரும்வரை காத்திருந்து நோட்டை வாங்கித் திறந்தார். 'கிணற்று நீர் காலையில் சுடுகிறதா?' என்ற கேள்விக்கு நேரே மூன்றாவது கட்டத்தில் இப்படி இருந்தது: '81 அல்லது 82. ஒட்டியுள்ள தாளைக் காண்க.' அதன் கீழே பிள்ளைகளின் கையெழுத்தில் கோணலும் மாணலுமாக நான்கு தாள்கள், பசை போட்டு ஒட்டி, மடித்து வைக்கப்பட்டிருந்தன. அவர் ஒவ்வொரு மடிப்பாக விரித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இது என்ன, எழுபத்திரண்டு? தப்பா எழுதிட்டாங்களா?"

"இல்லைங்க ஐயா. அன்னைக்கு மத்தியானம் தண்ணியில இருந்து வெளிய எடுத்துப் படிச்சுட்டாங்க. வெளிக் காத்து எண்பத்தெட்டு. தண்ணி எண்பத்தொண்ணு. ஆனா ஈரத்தோட காத்துல புடிச்சா விறுவிறுன்னு ரெண்டுக்கும் கீழ இறங்குது. அடிச்சுட்டு வேற எழுதச் சொல்ல மனசு வரலை. நடந்தது அதுதான்."

"ஏன் இறங்குது?"

"தெரியலைங்க ஐயா."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று சைதூனுக்கு உறைத்தது. நோட்டு அவர் கையில். அறிக்கைத் தாள் அவர் பையில்.

ஆரோக்கியதாஸ் கருவியை வாங்கினார். வாளியில் நனைத்து, வெளியே எடுத்து, காற்றுக்குக் காட்டினார். இன்னொரு கையில் கடிகாரம். பிள்ளைகள் சுற்றி வந்து நின்றார்கள். எண் இறங்கிக்கொண்டே போனது. துடைத்துவிட்டுப் பார்த்தார், மெல்ல ஏறியது. மறுபடி நனைத்தார். நான்கு தடவை செய்தார்.

"எங்க வீட்டுக் கெணத்துலயும் இந்த ஒரு மாசமா நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார் திடீரென்று. "கருவி இல்லை. கையை வச்சுத்தான்." பிறகு தாமே சிரித்துக்கொண்டார்.

அவர் பேனாவை எடுத்தார். சிவப்பு மை இல்லை, நீலம். எழுபத்திரண்டு என்ற எண்ணின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, அடுத்த பக்கத்தில் புதுக் கேள்வியாக அதை அவரே எழுதினார். மூன்றாவது கட்டத்தைத் தொடவில்லை. அப்புறம் பையிலிருந்து அறிக்கைத் தாளை எடுத்து, மேசை முன் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். அன்று வகுப்பு முடியும்வரை அவர் போகவில்லை.

ஜூன் மாதம் சைதூனின் வேலை உறுதியான உத்தரவு வந்தது. பள்ளி திறந்த முதல் நாள் நூர் முகமது சொன்ன சொல் தவறாமல் மகளோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். பஸ் வந்து நின்றபிறகுதான் கேட்டார்.

"குச்சி எங்க?"

"பள்ளிக்கூடத்துல இருக்கு அத்தா. இன்னும் ரெண்டு வாரம்."

"ஒரு வாரம். முதலாளி கேக்கலை, எனக்குத்தான் வேணும். குச்சியை வாங்கியாந்த அன்னைக்கே நீ தூங்குனப்புறம் நம்ம கெணத்துல வச்சுப் பாத்தேன். என் கை சொன்னது ஒண்ணு, அது சொன்னது ஒண்ணு." அவர் குரலைத் தாழ்த்தினார். "தொட்டியில எம்புட்டுத் தப்பாச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்னு பாக்கணும்."

சைதூன் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். கண்டக்டர் விசில் ஊதினார். நூர் முகமது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டடி கூடவே நடந்தார்.

"ஏம்மா, நீ சொன்னியே, ஈரமா இருந்தா குச்சியில எண்ணு ஏன் கீழ இறங்குது?"

"தெரியாது அத்தா" என்றார் சைதூன். பஸ் கிளம்பிவிட்டது.